தமனி சொன்ன பாடம்

"வருமுன் காக்க வேண்டும்" என்று பலமுறை கட்டுரை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள் நாங்கள். அதன் பொருளை இவ்வாண்டுதான் உணர்ந்தோம்.

சென்ற ஜூலை மாதம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தைக்கு மாரடைப்பு வந்தது. வயது 46. முந்திய மாதம் எடுத்த ஈ.சி.ஜி.யில் குறை ஒன்றும் இல்லையாம். ஆண்டவர் அருளால் பிழைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த தோழி, உயிரியல் வகுப்பில் எழுந்து, "முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியே இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று.

சிஸ்டர் கரும்பலகையில் ஒரு தமனியை வரைந்தார்கள். "ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுவது. தமனியின் உட்புறம் கெடத் தொடங்கியிருந்தாலும் அதில் தெரியாமல் போகலாம்" என்றார்கள். தமனியின் உட்புறத்தில் ஒரே அடுக்குச் செல்களால் ஆன எண்டோதீலியம் என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. அது வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட், தமனி தளர்ந்து விரிவதற்கு அப்படலம் வேண்டும் என்பதை முயலின் தமனித் துண்டுகளைக் கொண்டு 1980-இல் காட்டினார். அப்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடே தமனியைத் தளர்த்துகிறது என்பது பின்னர் தெரியவந்தது. 1998-இல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

விரலில் நூலை இறுக்கிக் கட்டி அவிழ்த்தால் விரல் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? சோதனையும் அதைப் போன்றதே. மேற்கைத் தமனியின் அகலத்தை அல்ட்ராசவுண்டு கருவியால் அளக்கிறார்கள். முன்கையில் இரத்த அழுத்தப் பட்டையை 5 நிமிடம் இறுக்கிப் பின் தளர்த்துகிறார்கள். இரத்தம் பாய்ந்து வரும்போது நலமான தமனி விரிந்து கொடுக்கும். புகைபிடிப்போரிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த சிறுவரிடமும் இவ்விரிவு குறைந்திருப்பதை 1992-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வெளியே நோய்க்குறி ஒன்றும் இல்லை!

இச்சோதனை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது. ஆயினும், புகையை விட்டு, நாள்தோறும் நடந்தால் தமனி ஓரளவு நலம் பெறும் என்பதும் இதனால் அறியப்பட்டதே.

தோழி தலைகுனிந்தாள். "அப்பாவுக்குத் தினமும் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவள் நான்தான், சிஸ்டர்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் பலரும் அப்படிக் கொடுத்தவர்கள்தாம்.

சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு, "அன்பினால் கொடுத்தாய், இனி அதே அன்பினால் மறுத்துவிடு" என்றார்கள்.

இப்போது அந்தத் தந்தை மாலைதோறும் மகளுடன் மாதா கோயில் வரை நடந்து வருகிறார். அன்புள்ள பெற்றோரே, நாங்கள் தீப்பெட்டி எடுத்துத் தர மறுத்தால் கோபம் கொள்ளாதீர்கள். உங்கள் தமனியை அளந்து பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உடன் நடக்க எங்களால் முடியும்.

— பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவியர்