பூதம் இல்லாத ஊரில் துப்பறிந்தவள்

ஆவியின் துணையோடு துப்புத் துலக்கும் கதைகளை, கிழக்கிலங்கையின் வீரமுனையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் விழுந்து விழுந்து வாசிக்கிறார்கள். ஒரு சின்ன ஊர், அங்கே கடை நடத்தும் ஒரு பெண், ஒரு கொலை, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஓர் ஆவி. இரத்தம் அதிகம் சிந்தாது. கடைசியில் உண்மை வெளிவந்து ஊர் அமைதியடையும். இந்தக் கதைக்கு வேர் எங்கே என்று அறியும் ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் மேற்கே தேடினேன். ஷெரிடன் லெ ஃபானுவின் 1872ஆம் ஆண்டு நூலில் அமானுஷ்ய விவகாரங்களை ஆராயும் டாக்டர் ஹெசீலியஸ் வருகிறார். 1910இல் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் படைத்த கார்னாக்கி, கேமராவும் கையுமாகப் பேய் வீடுகளுக்குப் போகிறார். சில வீடுகளில் பேய் உண்மை, சில வீடுகளில் மனிதர் செய்த ஏமாற்று. 1930இல் அகதா கிறிஸ்டியின் ஹார்லி குவின் எங்கிருந்தோ வந்து, வழி காட்டிவிட்டு மறைகிறார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்து, இரண்டாவது விதியிலேயே அமானுஷ்யத்துக்குக் கதவடைத்துவிட்டார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும். பேய் வந்து காதில் சொன்னால் அது நியாயமான ஆட்டம் ஆகாது என்பது அந்தக் காலத்து எழுத்தாளர்களின் வாதம்.

எங்கள் பக்கத்தில் பேயைக் கேட்டுக் கள்ளனைப் பிடிக்கும் வழக்கம் கதையில் மட்டும் இருந்ததில்லை. நகை களவு போனால் மை போட்டுப் பார்ப்பார்கள். மையில் முகம் தெரியும் என்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் இதற்காக ஒருவர் ஊருக்கு மற்றவர் போவதுண்டு. சம்மாந்துறையில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “மையில தெரிஞ்ச முகத்த வெச்சி ஆளப் புடிக்க ஏலா, தம்பி. களவு போன சாமான் கையில கிடைக்கோணும்” என்றார். மையில் முகம் தெரிந்தது என்ற ஒரு சொல்லால் எத்தனை வீட்டு வேலைக்காரர்கள் வீண்பழி சுமந்திருப்பார்கள் என்று எண்ணியபோது நெஞ்சு கனத்தது.

அந்தக் கனத்தோடுதான் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுத்தேன். புகார் நகரத்து மன்றங்களை அதன் ஆசிரியர் இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். வெள்ளிடை மன்றத்தில் பொதியைத் திருடியவன் அதைச் சுமந்தபடி வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றுவான். பூத சதுக்கத்தில் இருக்கும் பூதம் பொய்ச்சாட்சி சொன்னவனைக் கயிற்றால் கட்டி உண்ணும். பாவை மன்றத்துச் சிலை, அரசன் நீதி தவறினால் வாய் திறவாமல் கண்ணீர் விடும். ஒரு நகரம் முழுவதும் அமானுஷ்யத் துப்பறிவாளர்கள்! ஒருமுறை கற்புடைய பெண்மீது பொய்ப்பழி சொன்னவனைப் பூதம் பிடித்தது. அவன் தாய் அழுவதைக் காணப் பொறுக்காமல், அவனுக்குப் பதிலாகத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி காப்பிய நாயகன் கோவலன் வேண்டினான். பூதம் இணங்கவில்லை.

அதே கோவலன் மதுரையில் பொய்ப்பழியால் வெட்டுண்டு விழுகிறான். மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த அவனை, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கள்வன் என்று காட்டிக்கொடுக்கிறான். அந்த ஊரில் பொய்யனைப் பிடிக்கப் பூதம் இல்லை. விசாரிக்க வேண்டிய அரசனும் விசாரிக்கவில்லை. ஆகவே வீட்டுப் பெண்ணான கண்ணகி அந்த வேலையைக் கையில் எடுக்கிறாள். கதிரவனைப் பார்த்து, என் கணவன் கள்வனா என்று கேட்கிறாள். கள்வன் அல்லன் என்று குரல் வருகிறது. பிறகு அவள் செய்வதுதான் என்னை நிறுத்தியது. கதிரவன் சொன்னான் என்று அவள் அரசவையில் வாதாடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிகிறது.

நாக்ஸ் கேட்ட நியாயம் இங்கே முழுதாக இருக்கிறது. தெய்வக் குரல் அவளுக்குத் துணிவு தந்தது. தீர்ப்புக்கு அவள் கொடுத்தது எல்லோரும் கண்ணால் பார்க்கக்கூடிய சான்று.

இந்தக் கதையைத் தேட நாங்கள் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. வீரமுனையிலிருந்து கடலை நோக்கிப் போனால் காரைதீவு. அங்கே கண்ணகை அம்மன் கோயில். தெற்கே தம்பிலுவிலிலும் அவளுக்குக் கோயில் உண்டு. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை பாடப்படும். உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிட்டது 1892இல். அதே ஆண்டு காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், அந்தக் காப்பியத்தின் இசை நுட்பங்களை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார்.

வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் தல வரலாறும் இதே பாங்கில்தான் இருக்கிறது. சீர்பாததேவி என்ற அரசி வந்த கப்பல் திருகோணமலைக் கடலில் நகராமல் நின்றது. உடன் வந்தவர்கள் பயந்து திரும்பவில்லை. நீரில் மூழ்கிக் காரணம் தேடினார்கள், பிள்ளையார் சிலையைக் கண்டார்கள் என்று அந்த மரபு சொல்கிறது.

1990 ஆகஸ்ட் 12 அன்று இந்தக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காக ஊர் இன்றும் நீதி கேட்கிறது. உண்மை வெளிவந்து ஊர் அமைதியடையும் கதையை இங்கே யாரும் வெறும் பொழுதுபோக்காக வாசிக்க முடியாது.

எழுத ஆசைப்படும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: உங்கள் துப்பறிவாளரை இந்தக் கரையிலேயே தேடுங்கள். அவளோடு ஆவி பேசட்டும், தெய்வம் பேசட்டும், மையில் முகமும் தெரியட்டும். ஆனால் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் முன், கண்ணகியைப் போல அவள் சான்றோடு சபைக்கு வர வேண்டும்.