கன்னுக்குட்டிக்கும் குளிரும்



மாட்டுப் பொங்கல் அன்று காலையில் கோயிலில் நான் சத்தம் போட்டதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கோ பூஜைக்கு வந்த பசுவோடு ஒரு சின்னக் கன்னுக்குட்டியும் இருந்தது. மணி ஆறு ஆகவில்லை. நம் பையன்கள் இரண்டு பேர் டியூப் தண்ணியைத் திறந்து அதன் தலையிலேயே பீய்ச்சிக்கொண்டு இருந்தார்கள். "நிறுத்துடா!" என்று கத்திவிட்டேன். அதில் ஒரு தம்பிக்கு முகம் வாடிப் போச்சு. அதற்குப் பிறகு அவர் கோயில் பக்கம் வரவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். லயத்துக்குப் பின்னால் எங்களுக்கு நாலு மாடு. அந்தக் காலத்தில் கெடா தோட்டங்களில் பல வீடுகளில் மாடு இருக்கும். நம் முன்னோர்கள் காலத்தில் இந்தியாவில் இருந்து வந்த கறவை மாடுகளின் வழி வந்தவை அவை. மலாய்க் கம்பத்து மாடு சின்னதாக இருக்கும், அது கெடா-கிளந்தான் இனம். நம்முடையது கொஞ்சம் பெருசு, பால் கொடுக்கும். தோட்டச் சம்பளம் அரிசிக்கு, பால் காசு பள்ளிக்கூடத்துக்கு. அப்படித்தான் எங்கள் வீடு ஓடியது.

விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளணும். அப்பா பால் கறந்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். நான் சைக்கிளில் கிராணி வீட்டுக்கும் கடைக்கும் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் போவேன். ஐப்பசி மழையில் ஜெராய் மலைப் பக்கமிருந்து காத்து வீசினால் பல்லு கிடுகிடுக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அப்படி ஒரு மழை நாளில், சாயங்காலம் லட்சுமி கன்னு போட்டது. அப்பாவுக்குக் காய்ச்சல். "கன்ன சாக்கால நல்லா தொடச்சு விடு. மூட்டம் போடு. சீம்பால் குடிச்சிருச்சான்னு பாத்துட்டு வா" என்றார்.

நான் அரைகுறையாகத் துடைத்தேன். தேங்காய் மட்டை நனைந்து கிடந்ததால் நெருப்புப் பிடிக்கவில்லை. காய்ந்த மட்டை வீட்டு அடுப்படியில் இருந்தது, எடுத்து வரச் சோம்பல். பக்கத்து வீட்டு டிவியில் தமிழ்ப் படம். போய்விட்டேன். கேட்டபோது, "குடிச்சிருச்சுப்பா" என்று சொன்னேன்.

காலையில் கன்னு ஒழுகுற மூலையில் விறைத்துக் கிடந்தது. லட்சுமி அதை நக்கிக்கொண்டே இருந்தது.

அப்பா அடிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "பேச முடியாத ஜீவன்டா. நாமதான் பாக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். லட்சுமி மூன்று நாள் கத்தியது. பாலையும் அடக்கிக்கொண்டது. அந்த மாதம் எங்கள் வீட்டில் நிறைய விஷயம் நின்று போச்சு. அதற்கும் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

மங்கோலியாவில் 2009-10 பனிக்காலத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. அதெல்லாம் பனி. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த குளிரே 1978-இல் கேமரன் மலையில் 7.8 டிகிரிதான். கெடாவில் விடியக்காலை 21, 22 டிகிரி இருந்தால் பெரிய விஷயம். இதில் மாடு சாகுமா என்று கேட்கலாம். கன்னுக்குட்டியின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி. புதுசாகப் பிறந்ததற்கு உடம்பில் கொழுப்பு ரொம்பக் குறைவு. ரோமம் நனைந்து, காத்தும் அடித்து, வயிறும் காலியாக இருந்தால் சூடு இறங்கிக்கொண்டே போகும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகணும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரியும்.

பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது. மாடு வைக்கக்கூடாது என்றார்கள். அப்பா எல்லாவற்றையும் விற்றார். நாங்கள் சுங்கை பட்டாணிக்கு வந்தோம், நான் பேக்டரியில் சேர்ந்தேன். இன்றைக்கும் நைட் ஷிப்டுக்கு நனைந்து வரும் பிள்ளைகளை, "மொதல்ல தொடச்சுட்டு வா, அப்புறம் மெஷின்ல நில்லு" என்றுதான் சொல்வேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த வருஷத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய மாட்டை வெயில் வந்த பிறகு குளிப்பாட்டுவோம். கன்னுக்குட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துண்டால் துவட்டி, பொட்டு வைத்தால் போதும். தாய் மடியில் குடித்த பிறகுதான் மாலை, பூஜை எல்லாம்.

தம்பி, நீங்கள் தப்புச் செய்யவில்லை. தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே விட்டவன். கத்தியதற்கு மன்னிச்சிருங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாங்க, பேசுவோம்.