மணலில் தட்டடவு கேட்காது

சென்னை எலியட்ஸ் கடற்கரையில் பொதுமக்களோடு ஆடலாம் என்று போன முதல் நாளே சறுக்கினேன். எல்லோருக்கும் பரதத்தின் அடிப்படை அடவான தட்டடவு சொல்லித்தர ஆரம்பித்தேன். வகுப்பில் பாதம் தரையை அறையும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடி விழும். இங்கே மணல் சத்தத்தை விழுங்கிவிட்டது. அரைமண்டியில் உட்கார்ந்தால் குதிகால் புதைந்தது, முட்டி உள்வாங்கியது. ‘தெய்யா தெய்’ என்று நான் கத்த, வாக்கிங் வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ஒருவரும் ஆட வரவில்லை.

இந்தக் கடற்கரையோரம்தான் நடனக் கலைஞர் சந்திரலேகா வாழ்ந்தார். 1985-ல் ‘அங்கிகா’ என்ற படைப்பில் பரதத்தோடு களரிப்பயட்டையும் யோகாவையும் சேர்த்தார். அலங்காரத்தைக் களைந்து உடம்பைப் பார் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதாக நினைத்திருந்தேன். அடவை மட்டும் விட மனம் வரவில்லை.

மறுவாரம் காலை ஐந்தரைக்கு, அதே கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தருகே என் குழுவோடு சும்மா உட்கார்ந்தேன். தலையில் கூடையோடு ஒரு பாட்டி வந்தார். ஈர மணல் வந்ததும் அடி நீண்டது. காய்ந்த மணலில் சுருங்கியது. கழுத்து அசையவில்லை. அசைவெல்லாம் இடுப்பில்தான்.

“எங்களோட ஆட வரீங்களா பாட்டி?”

“எனக்கு ஆட்டமெல்லாம் வராதும்மா.”

“நடந்தா போதும்.”

“அத்த தான தெனம் பண்றேன்!”

அவர் முன்னே போக, நாங்கள் எட்டுப் பேர் பின்னால் அதே அடியில் நடந்தோம். விதி இரண்டே: பக்கத்தில் இருப்பவர் நின்றால் நீயும் நில், அவர் திரும்பினால் நீயும் திரும்பு. எண்ணிக்கை கிடையாது. கால் மணி நேரத்தில் பெரியவர் ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

எண்ணாமலே சேர்ந்து அசையலாம் என்பது மயிலாப்பூர்க்காரியான எனக்கு எப்போதோ புரிந்திருக்க வேண்டும். அறுபத்துமூவர் விழா அன்று மாடவீதியில் சாமி தூக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளுக்கு யாரும் தாளம் எண்ணிச் சொல்வதில்லை. தோளில் அழுத்தும் தண்டுதான் தாளம்; ஒருவர் சாய்ந்தால் அத்தனை பேரும் சாய வேண்டும். எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்திலேயே உள்ள மீனவர் பகுதியான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் படகைத் தள்ளும்போதும் அதே கதைதான்.

பொது இடத்தில் ஆட்டம் அமைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ஒரு வாரம் அங்கே போய் உட்காருங்கள். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், எதைச் சுமக்கிறார்கள், கால் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.