நூல் அறுத்த தடம்

ஐப்பசி அடைமழை அன்று ஒருநாள் விட்டிருந்தது. தண்டராம்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து வரும் கால்வாயின் கரையோடு நடந்தேன். ஏரிக்கரைக்குக் கீழே கொஞ்சம் வீடுகள். வெயில் விழுந்த இடமெல்லாம் அகல் விளக்கு: திண்ணையில், கயிற்றுக் கட்டிலில், கவிழ்த்துப்போட்ட பழைய கதவின்மேல்.

"பார்த்துக் கால வை தம்பி" என்றார் திருகையில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

சுழலும் களிமண் குவியலின் உச்சியில் அவர் கட்டைவிரல் இறங்கியது, குழி விழுந்தது. இரண்டு விரல் விளிம்பை ஏந்த, ஆள்காட்டி விரல் ஓர் இழுப்பு இழுக்க, திரிக்கு மூக்கு வந்துவிட்டது. ஈர நூலை அடியில் கொடுத்து அறுத்துப் பலகையில் வைத்தார். நான் நிமிர்வதற்குள் அதே குவியலிலிருந்து அடுத்த விளக்கு.

மண்ணைப் பதமாக்குவது அவர் மனைவி. சிறுகல் ஒன்று தங்கினாலும் சூளையில் விளக்கு வெடித்துவிடும். மிதித்து, பிசைந்து, தடவித் தடவிக் கல்லைப் பொறுக்குகிறார். சந்தையில் விலை பேசும்போது இந்த அம்மாவின் கால்வலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண் ஏரியில் கிடைக்கிறது. ஏரிக்குத் தண்ணீர், 1958இல் கட்டிமுடித்த சாத்தனூர் அணையிலிருந்து. "கால்வாய்ல தண்ணி வந்து ஏரி ரொம்பினா பயிருக்கு நல்லது. எங்களுக்கு மண்ணு முழுகிப்பூடும்" என்றார் பெரியவர். அதனால் ஏரி வற்றிக் கிடக்கும் கோடையிலேயே மண் வெட்டிக் கொல்லையில் குவித்துவிடுகிறார்கள். 2024 முதல் தாசில்தாரே ஏரிமண்ணுக்கு அனுமதி தரலாம் என்று ஆனது நல்ல காரியம். அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். ஒரு குடும்பம் அடைமழைக்காலம் முழுக்கத் தாங்க அது போதவே போதாது.

ஏனென்றால் இவர்களுக்கு விற்பனை மாதமும் கார்த்திகை, மழை மாதமும் கார்த்திகை. 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்து ஏழு உயிர் போனது. 13ஆம் தேதி கார்த்திகை தீபம். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் திருகையை நிறுத்திவிட்டார். "வெறகு ஈரம், வெளக்கு ஈரம். சூளையே வெக்கல."

2,668 அடி உயரத்தில் மகாதீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கத்து வாசல்களில் அகல் ஏற்றுவோம். மலைக் கொப்பரையில் எரியும் நெய்யின் கணக்கை ஆண்டுதோறும் செய்தியில் படிக்கிறோம். வாசலில் எரியும் அகலைச் செய்தவரைப் பற்றி ஒரு வரி வருவது அரிது.

இப்போது அச்சில் அழுத்திய விளக்குகள் கடைத்தெருவில் குவிகின்றன. கையால் வனைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில், நூல் அறுத்த இடத்தில், வளைவளைவாகக் கோடுகள்.

இந்தக் கார்த்திகைக்கு விளக்கு வாங்கும்போது நீங்களும் கவிழ்த்துப் பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.