டெஸ்டர் எரியுது, லைட்டு எரியல

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதுரை செல்லூர்ப் பக்கம் வயர்மேன்களின் கைபேசி ஓய்வதில்லை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், தலை நரைத்த வயர்மேன் ஒருவருடன் நாமும் வீடு வீடாகப் போனோம். அவர் பையில் டெஸ்டர், கட்டிங் பிளேயர், டேப், மல்டிமீட்டர் எல்லாம் இருந்தன. ஆனால் அதிகம் வெளியே வந்தது, ஹோல்டரில் மாட்டி இரண்டு வயர் தொங்கவிட்ட ஒரு குண்டு பல்புதான்.

முதல் வீட்டில் ஹால் மட்டும் இருட்டு. "டெஸ்டர் ரெண்டு ஓட்டையிலயும் எரியுதுண்ணே, லைட்டு எரியல" என்றார் வீட்டுக்காரம்மா.

"கரண்டு வருதும்மா, திரும்பிப் போகத்தான் வழியில்ல."

பல்பின் இரு வயரையும் பிளக் பாயிண்டில் செருகினார்; எரியவில்லை. ஹாலின் சுவிட்சுகளை எல்லாம் அணைத்ததும் டெஸ்டர் ஒரு துளையில் மட்டுமே எரிந்தது. நியூட்ரல் விட்டுப்போயிருந்தது. போட்டு வைத்திருந்த விளக்கின் வழியாக 230 வோல்ட் நியூட்ரல் கம்பி வரை வந்து நின்றிருக்கிறது. மெயினை அணைத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், முறுக்கு தளர்ந்து கருகிய இணைப்பு.

அடுத்த தெருவில் ஒரு மின்விசிறி 'உம்' என்று முனகிக்கொண்டு நின்றது. குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் சுற்றியது. 2.5 மைக்ரோஃபேரட் கப்பாசிட்டரை மாற்றியதும் ஓடியது. சீக்கிரம் முடிந்த வேலை.

மூன்றாவது வீடுதான் இழுத்தது. எந்த அறையில் எதைப் போட்டாலும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. பேஸில் போகும் மின்சாரம் முழுதும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். வீடுகளில் பொருத்தும் வகையில் அதிகபட்சம் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டித்துவிடும்.

"அதைத் தூக்கிட்டு நேரா கொடுத்துருங்கண்ணே" என்றார் வீட்டுக்காரர்.

"வீட்டுல பிள்ளைக இருக்குல்ல? நான் செய்ய மாட்டேன்."

எல்லா அறையிலும் விழுவதால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று கணித்தார். அந்த வீட்டு எம்.சி.பி.க்கள் பேஸை மட்டுமே துண்டிப்பவை. அவற்றை அணைத்துப் பார்த்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. பிளக்குகளைப் பிடுங்கிப் பார்த்தார், பயனில்லை. பிறகு மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கிலிருந்து ஒரு வயரைக் கழற்றுவார், மெயினைப் போட்டுப் பார்ப்பார். விழுந்தால் அடுத்த வயர். கேட் விளக்கின் வயரைக் கழற்றியபோது ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றது. விளக்கின் இரும்புப் பெட்டி விளிம்பில் உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. உள்ளே மழை ஈரம்.

தேடியது ஒன்றரை மணி நேரம், சரிசெய்தது ஐந்து நிமிடம். கூலியைச் சொன்னதும், "டேப் சுத்துனதுக்கா இம்புட்டு?" என்றார் வீட்டுக்காரர். அன்று பேரம் பேசாமல் காசு கொடுத்தது விசிறி வீட்டில் மட்டுந்தான். அங்கே கழற்றிய பழைய கப்பாசிட்டரை வயர்மேன் அவர்கள் கையில் கொடுத்திருந்தார்.