மண்பாண்டத்தில் வைத்த கிரயப்பத்திரம்

தியானப் பகுதி: எரேமியா 32:6–15





சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, சூலூர் என்று நம் கோவையைச் சுற்றிலும் நேற்றுவரை தோட்டங்களாக இருந்த பூமி இன்று மனைகளாகி நிற்கிறது. நம் சபையாரில் பலர் இருபது ஆண்டு வங்கிக் கடனையும் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பையும் ஒரே கையெழுத்தில் வைத்து வீடு வாங்குகிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஜெபிக்கும்படி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. சந்தோஷத்தோடு ஜெபிக்கிறேன். ஜெபித்த பின்பு, "பத்திரங்களை யார் பார்த்தார்கள்?" என்று கேட்பதையும் வழக்கமாக வைத்திருக்கிறேன். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஐயா" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தப் பதிலைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கிய சம்பவத்தைப் பாருங்கள். கல்தேயர் எருசலேமை முற்றுகையிட்டிருந்தார்கள். தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். நிலத்தை விற்க வந்த அனாமெயேல் அவருடைய பெரிய தகப்பனாரின் மகன். வாங்கச் சொன்னவரோ கர்த்தர். இதைவிட நம்பிக்கைக்குரிய கிரயம் உலகத்தில் இருக்க முடியுமா? ஆயினும் எரேமியா ஒரு படியையும் தாண்டிச் செல்லவில்லை. பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். சாட்சிகளை நிறுத்தினார். முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்திருந்த பிரதியையும் எல்லாருடைய கண்களுக்கு முன்பாகவும் பாருக்கிடம் ஒப்படைத்தார். தேவனுடைய வார்த்தையைப் பெற்றிருந்தவரே பத்திரத்தை இத்தனை கவனமாகக் கையாண்டார் என்றால், நாம் அதை அசட்டை செய்வதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா?

நம்மில் அநேகர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் சொத்து நமக்கு உறுதியாகிவிட்டது என்று எண்ணுகிறோம். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாகிறது ஆவணமே. விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையான உரிமை உண்டா என்று ஆராய்ந்து தீர்ப்பது சார்பதிவாளரின் வேலையன்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் இதைத் தெளிவாகக் கூறியது. ஆகவே ஆராயும் பொறுப்பு வாங்குகிறவராகிய உங்கள் மேல் விழுகிறது. அதை உங்கள் சார்பில் செய்து தருகிறவரே வழக்கறிஞர்.

அவர் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சொத்து கைமாறி வந்த வழியை ஒவ்வொரு கண்ணியாகத் தொடர்ந்து பார்ப்பார். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுப்பார். ஆனால் பதிவு செய்யப்பட்டவை மட்டுமே வில்லங்கச் சான்றில் வரும். பதிவாகாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். பட்டாவிலுள்ள புல எண்ணும் பரப்பளவும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, பத்திரத்தில் எழுதிய செக்குபந்தி நிலத்தில் உள்ளபடி இருக்கிறதா, வண்டித் தடமும் கிணற்றுப் பங்கும் யாருக்கு உரியவை என்றெல்லாம் கேட்பார். மனைப்பிரிவுக்கு முறையான அங்கீகாரம் உண்டா என்றும் பார்ப்பார். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு மறுபடி விற்க வழியின்றித் தவித்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள்.

இவையெல்லாம் நம் பணத்தைக் காப்பதற்காக மட்டுமா? சில ஆண்டுகளுக்கு முன் நான் அருகிலிருந்து கண்ட ஒரு காரியத்தைச் சொல்லுகிறேன். நம் விசுவாசக் குடும்பம் ஒன்று அன்னூர்ப் பக்கம் வீட்டோடு கூடிய ஒரு மனையை விலை பேசி அட்வான்ஸ் கொடுத்திருந்தது. பட்டா அண்ணன் தம்பி இருவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறையில்லை. ஆனால் வழக்கறிஞர் அம்மா வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, தகப்பனாரின் பிள்ளைகள் நால்வர் என்று தெரிந்தது. இரண்டு சகோதரிகள் திருமணமாகிச் சென்றிருந்தார்கள். அவர்கள் பங்கைப் பிரித்தோ விடுதலை செய்தோ ஒரு பத்திரமும் இல்லை. "கட்டிக்கொடுத்த பெண்களுக்கு நகை போட்டாயிற்று, அவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள்" என்றார்கள் விற்பவர்கள். "அவர்கள் கையெழுத்தில்லாமல் இதை வாங்கலாம் என்று நான் எழுதித் தரமாட்டேன்" என்றார் வழக்கறிஞர்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலேயே பிறப்புரிமைப் பங்கு அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மணமான மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கிறிஸ்தவர்களாகிய நமக்கோ 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. நகை போட்டதனால் இவ்வுரிமை மறைந்துபோவதில்லை.

வாங்க இருந்த குடும்பம் மனமடிவாயிற்று. காரியம் முடிய ஏறக்குறைய ஓராண்டு சென்றது. அதுவரை வாடகையும் கொடுத்து, முடங்கிய அட்வான்சுக்கு வட்டியும் கட்டினார்கள். இறுதியில் தாராபுரத்துக்கு அருகில் வாழ்ந்த மூத்த சகோதரியிடம் பேச வழக்கறிஞர் சென்றபோது என்னையும் உடன் அழைத்தார்கள். அந்த அம்மா பங்கைப் பற்றி முதலில் பேசவேயில்லை. "என்ற தம்பி ஒருக்கா வந்து கூப்பிடட்டுமுங்க. அப்பன் செத்ததுக்கப்புறம் அந்த வாசப்படி மிதிக்கச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடலீங்க" என்றார். தம்பி போய் அழைத்தார். சகோதரிகள் இருவரும் தங்கள் பங்குத் தொகையைப் பெற்றுக்கொண்டு, அண்ணன் தம்பியோடு சேர்ந்தே கிரயப்பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

பிரியமானவர்களே, நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் எடுத்துக்கொண்டபோதும் கடிதங்கள் எழுதப்பட்டன, முத்திரை போடப்பட்டது, சாட்சிகள் நின்றார்கள். காகித அளவில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அந்த மண்ணிலிருந்து இரத்தம் கூப்பிட்டது. பத்திரங்களை ஆராய்வது அயலானைச் சந்தேகிப்பதாகாது. நாம் குடியேறப்போகும் மண்ணில் யாருடைய கண்ணீராவது இருக்கிறதா என்று கேட்பதே அது. விதவையின் பங்கும், மைனர் பிள்ளையின் பங்கும், 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலமும் பழைய பத்திரங்களின் அடியில் மறைந்திருக்கலாம். அவற்றைத் தேடிப் பார்ப்பது பிறனிடத்தில் அன்புகூருவதின் ஒரு பகுதி.

அப்படியானால் எப்படிப்பட்ட வழக்கறிஞரைத் தெரிந்துகொள்வது? ஒரே ஒரு அளவுகோலைச் சொல்லுகிறேன்: "வேண்டாம்" என்று உங்களிடம் சொல்லும் சுதந்திரம் உள்ளவரைத் தேடுங்கள். விற்பவரோ தரகரோ கொண்டுவருகிற வழக்கறிஞருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு. கிரயம் முடிந்தால்தான் அடுத்த வேலை வரும். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக் கடனின் பாதுகாப்பைப் பார்க்கிறார்; அது நல்லதே, ஆனால் உங்கள் முழுத் தேவையும் அதில் அடங்காது. பத்திர எழுத்தர் பத்திரத்தைச் செம்மையாக எழுதித் தருவார். உரிமையை ஆராய்வது வேறு பணி. சிவில் வழக்குகளில் பழக்கமுள்ளவரா, அசல் பத்திரங்களைத் தாமே வாசிக்கிறவரா, லீகல் ஒப்பீனியனைக் கையொப்பத்துடன் எழுத்தில் தருகிறவரா என்று விசாரியுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேட இந்திய பார் கவுன்சிலின் விதிகள் இடந்தருவதில்லை. ஆகவே முன்பு அவரிடம் சென்றவர்களைக் கேட்டறிவதே வழி.

இன்னொன்றையும் அன்போடு சொல்லவேண்டும். நம் சபையார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள். ஊழியர் சிபாரிசு செய்தார் என்பதற்காகவும் போகாதீர்கள். பக்தியும் தொழில்திறமையும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அவருடைய கட்டணத்தில் பேரம் பேசவும் வேண்டாம். வீட்டுப் பிரதிஷ்டை விருந்துக்குத் தாராளமாய்ச் செலவிடுகிற நாம், அந்த வீடு நிலைக்கும்படி உழைத்தவருக்குக் கணக்குப் பார்ப்பது முறையன்று.

கடைசியாக, நம்மையே ஆராய்ந்துகொள்வோம். நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். அதைக் குறைக்கும்படி வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதி, மீதியைக் கைமாற்றாகக் கொடுக்கச் சொல்லும் குரல் எப்போதும் நம் பக்கத்தில் இருக்கும். சாராளை அடக்கம் பண்ண மக்பேலா குகையை வாங்கின ஆபிரகாமுக்கு அது இலவசமாகவே கிடைத்திருக்கும். அவரோ ஏத்தின் புத்திரர் யாவரும் கேட்க நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சொன்ன விலையும் கொடுத்த விலையும் ஒன்றாயிருந்தன. நம் பத்திரத்திலும் அப்படியே இருக்கட்டும்.

எரேமியா அந்தப் பத்திரங்களை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார், அவை அநேக நாள் இருக்கும்படிக்கு. அந்த நிலத்தில் அவர் உழுததாகவோ விதைத்ததாகவோ நாம் வாசிப்பதில்லை. தமக்குப்பின் திரும்பி வரப்போகிறவர்களுக்காக அதை வாங்கினார். நாமும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கை விட்டுச்செல்லாமல், ஒருவருடைய மனத்தாங்கலும் ஒட்டாத ஒரு வாசலை விட்டுச்செல்லக் கர்த்தர் கிருபை செய்வாராக.

ஜெபம்: பரலோகப் பிதாவே, வீடு வாங்க எண்ணியிருக்கும் எங்களுக்குப் பொறுமையையும் விவேகத்தையும் தாரும். உண்மையைச் சொல்லும் ஆலோசனைக்காரரை எங்களுக்குக் காட்டும். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதைக் கேட்கும் மனதையும் தாரும். பிறருடைய பங்கின்மேல் எங்கள் அஸ்திபாரம் அமையாதபடி காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.