மாயாவியின் கை

அஜ்மான் ரூமில் என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருப்பது காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் படம். பக்கத்துக் கட்டில் மலையாளி சேட்டன், "இதாரா, பிரேதமாணோ?" (யாரிது, பேயா?) என்கிறார். பின்னே? மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்தால்!

1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியில் வந்து இறங்கினான். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடித்த ஊராயிற்றே, அட்டையில் வண்ணம் கூச்சமே இல்லாமல் கொட்டிக் கிடக்கும். உள்ளே பிளாஸ்கோவோ வெறும் கறுப்பு மையிலேயே விரல் மூட்டுகளைப் பளபளக்க வைத்துவிடுவார்; முகம் தெரியாமலே அந்த விரல்களில் கோபம் தெரியும். இன்றைய கம்ப்யூட்டர் வண்ணம் எனக்கு ஏனோ ஒட்டுவதில்லை.

ஊரில் பரண்மேல் பழைய முத்து கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் மக்களே, அட்டையையாவது போட்டோ எடுத்து அனுப்புங்கள்.